விமானம் எப்போது வந்து சேரும்? கம்ப்யூட்டரில் நீங்களே கணக்கிடலாம்!

மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறார். டிக்கெட்டில் புறப்பாடு இரவு 7 மணி, கோவை வருகை இரவு 9 மணி என்று இருக்கிறது. "இரண்டே மணி நேரத்தில் வந்துவிட முடியுமா? அச்சுப் பிழையோ?" என்று வீட்டில் சந்தேகம். கார் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? உங்கள் கம்ப்யூட்டரே பதில் சொல்லும்.

முதலில் தூரம்

1. பிரவுசரில் கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து, கோவை பீளமேடு விமான நிலையத்தைத் தேடுங்கள்.
2. அதன் மீது மவுஸை வைத்து ரைட் கிளிக் செய்யுங்கள். வரும் மெனுவில் 'மெஷர் டிஸ்டன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. மவுஸின் சக்கரத்தை உருட்டி வரைபடத்தைச் சிறிதாக்குங்கள். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் மீது கிளிக் செய்யுங்கள்.

கீழே சிறு பெட்டியில் சுமார் 3,160 கிலோமீட்டர் என்று காட்டும். இது உருண்டையான பூமியின் மேல் அளந்த குறுகிய வழி.

அடுத்து நேரம்

ஸ்டார்ட் மெனுவில் கால்குலேட்டரைத் திறங்கள். ஜெட் விமானத்துக்குச் சராசரியாக மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 3,160-ஐ 800-ஆல் வகுத்தால் 3.95 வரும். இதை 3 மணி 95 நிமிடம் என்று படித்துவிடாதீர்கள்! 0.95-ஐ 60-ஆல் பெருக்குங்கள், 57 நிமிடம். ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் சேர்த்தால் சுமார் 4 மணி 27 நிமிடம்.

இரண்டு மணி நேர மர்மம்

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரமே இருக்கும். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே இரவு 7 என்றால் இங்கே மாலை 4.30. அதனுடன் 4 மணி 27 நிமிடம் கூட்டினால் இரவு 8.57. டிக்கெட்டில் உள்ள 9 மணி சரிதான்!

இந்த வித்தியாசத்தைக் கழிக்க மறந்தால் இரவு 11.27 என்று தப்பாகக் கணக்கு வரும். மகன் பெட்டியோடு இரண்டரை மணி நேரம் காத்திருக்க நேரும். அந்தியூரிலிருந்து விமான நிலையத்துக்குச் சாலையில் சுமார் 100 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் ஒதுக்கி, மாலை 6 மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

நெடுந்தூரம் என்றால்?

இதே முறையில் பெங்களூரு, சான்பிரான்சிஸ்கோ இரண்டையும் அளந்து பாருங்கள். சுமார் 14,000 கிலோமீட்டர் வரும். கோடு வளைந்து வட துருவப் பக்கம் போகும். 2021 ஜனவரியில் பெண் விமானிகள் இயக்கிய ஏர் இந்தியா விமானம் இப்படி வட துருவத்தின் மேலாகத்தான் பெங்களூரு வந்தது. தட்டையான வரைபடத்தில் வளைவாகத் தெரிவதே உருண்டையில் குறுக்கு வழி.

நம் கணக்கு உத்தேசமானதே. காற்று, வான்வழி மாற்றம், தாமதம் எல்லாம் நேரத்தை மாற்றும். கிளம்பும் முன் விமானம் புறப்பட்டுவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.