ஒரு கடிதம் ஒன்றரைக் கோடியான கதை

பள்ளியில் தலைமையாசிரியர் ஒரு சுற்றறிக்கை அனுப்புகிறார். அதில் 1,000 மாணவர்களின் பெயர்களையும் அவர் எழுதுவதில்லை. ‘எல்லா வகுப்புகளுக்கும்’ என்று எழுதினால் போதும். எந்த வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை வருகைப் பதிவேடு சொல்லிவிடும். புதிய மாணவர் ஒருவர் சேர்ந்தால் அவர் பெயரை அந்த வகுப்பின் பதிவேட்டில் மட்டும் எழுதுகிறோம். மறுநாளிலிருந்து எல்லாச் சுற்றறிக்கைகளும் அவரையும் எட்டுகின்றன.

பெரிய நிறுவனங்களில் மின்னஞ்சல் அனுப்பும் முறையும் ஏறக்குறைய இதுவே.

குழுவுக்குள் குழு

பல முகவரிகளை ஒரே பெயரின் கீழ்த் தொகுத்தால் அது ஓர் அஞ்சல் குழு. அந்தப் பெயருக்குக் கடிதம் அனுப்பினால் உள்ளே இருக்கும் அனைவருக்கும் போய்ச் சேரும். குழுவின் உறுப்பு ஓர் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; மற்றொரு குழுவாகவும் இருக்கலாம்.

ஒரு நிறுவனத்தில் உற்பத்தியில் 600 பேர், விற்பனையில் 250 பேர், ஆய்வில் 100 பேர், கணக்கில் 50 பேர் எனக் கொள்வோம். ‘அனைவரும்’ என்ற குழுவில் 1,000 முகவரிகளை எழுத வேண்டாம். இந்த 4 குழுக்களின் பெயர்களை எழுதினால் போதும். கடிதம் வந்ததும் கணிப்பொறி ஒவ்வொரு குழுவாகத் திறந்து, அதனுள் குழு இருந்தால் அதையும் திறந்து, இறுதியில் ஆட்களின் பட்டியலைத் தயாரிக்கும்.

ஒருவர் 2 குழுக்களில் இருந்தால்? கணக்குப் பாடத்தில் கணங்களின் சேர்ப்பைப் படித்திருக்கிறீர்கள் அல்லவா? பொது உறுப்பை ஒரு முறைதான் எண்ணுவோம். கணிப்பொறியும் அவ்வாறே இரட்டிப்பை நீக்கி, அவருக்கு ஒரு படி மட்டுமே அனுப்பும்.

கூட்டல் உண்டு, கழித்தல் இல்லை

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. உற்பத்தியில் உள்ள 600 பேரில் 150 பேர் ஒப்பந்தப் பணியாளர்கள். நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும் ஒரு கடிதம் போக வேண்டும். ‘உற்பத்திக் குழு, ஆனால் இந்த 150 பேர் நீங்கலாக’ என்று எழுத முடியுமா? சாதாரண அஞ்சல் குழுவில் முடியாது. குழுக்களை ஒன்றுசேர்க்கலாம், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க இயலாது.

எனவே, பிரிக்க வேண்டியதை அடிமட்டத்திலேயே பிரித்து வைக்க வேண்டும். 450 பேருக்கு ஒரு குழு, 150 பேருக்கு ஒரு குழு. மற்றப் பிரிவுகளையும் இவ்வாறே பிரித்துக்கொண்டால், நிரந்தரக் குழுக்களை மட்டும் சேர்த்து ஒரு மேல்குழு அமைக்கலாம். ஆட்களின் பெயர்கள் அடிமட்டக் குழுக்களில் மட்டும். மேலே உள்ளவற்றில் குழுக்களின் பெயர்கள் மட்டும். இதுவே நல்ல அமைப்பின் விதி.

இதை மறந்தால் தீங்கு நேரும். வெளியாள் ஒருவரை வசதிக்காக விற்பனையின் உட்குழு ஒன்றில் சேர்த்துவிட்டால், அதற்கு மேலே உள்ள எல்லாக் குழுக்களின் கடிதங்களும் அவருக்குப் போகும். நிறுவனத்தின் இரகசியம் ஓசையின்றி வெளியேறிவிடும். பணியாளர் ஒருவர் பிரிவு மாறும்போது பழைய குழுவிலிருந்து பெயரை நீக்க மறந்தாலும் இதே கதைதான்.

1997-இல் நடந்தது

யாருக்குப் போகும் என்பதை மட்டும் ஒழுங்குபடுத்தினால் போதாது. யார் அனுப்பலாம் என்பதையும் வரையறுக்க வேண்டும். இதை உலகுக்கு உணர்த்தியது அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் 1997 அக்டோபரில் நடந்த நிகழ்ச்சி. அங்கே ஓர் அஞ்சல் குழுவில் சுமார் 13,000 பேர் இருந்தனர். தம் பெயர் அதில் இருப்பதைக் கண்ட ஒருவர், ‘என்னை நீக்குங்கள்’ என்று அந்தக் குழுவுக்கே எழுதினார். கடிதம் 13,000 பேருக்கும் போயிற்று. உடனே பலர், ‘என்னையும் நீக்குங்கள்’ என்று எல்லோருக்கும் பதில் எழுதினர். ‘எல்லோருக்கும் பதில் எழுதாதீர்கள்’ என்று அறிவுரை கூறியவர்களும் அதை எல்லோருக்குமே அனுப்பினர்!

ஏறத்தாழ 1.5 கோடி கடிதங்கள், 195 கிகாபைட் அளவு தகவல் எனப் பின்னர் கணக்கிட்டனர். அஞ்சல் கணிப்பொறிகள் திணறின. 1.5 கோடியை 13,000-ஆல் வகுத்துப் பாருங்கள். சுமார் 1,150 வரும். ஆயிரத்துச் சொச்சம் பதில்களே இவ்வளவு பெரிய வெள்ளத்துக்குப் போதுமானவை.

வாயிலில் காவல்

இன்று பெரிய குழுக்களுக்கு 3 வகைக் காவல் உண்டு. குறிப்பிட்ட சிலர் மட்டுமே அனுப்பலாம் என விதிப்பது ஒன்று. பொறுப்பாளர் பார்த்து ஒப்புதல் அளித்த பின்பே கடிதம் செல்லுமாறு செய்வது இரண்டாவது. ஒரு கடிதத்துக்கு இத்தனை பெறுநர்கள்தாம் என வரம்பு கட்டுவது மூன்றாவது. இவற்றோடு, குழுவின் முகவரியை மறைநகலில் இட்டு அனுப்பினால், ‘எல்லோருக்கும் பதில்’ என்று அழுத்தினாலும் பதில் குழுவுக்குப் போகாது.

கருவி எதுவானாலும், அனுப்புமுன் ‘இது யார் யாரைச் சென்றடையும்?’ என்று கேட்பவரே முதல் காவலர்.

செய்து பாருங்கள்

‘அ’ குழுவில் 40 பேர். ‘ஆ’ குழுவில் 30 பேர். இரண்டிலும் இருப்பவர் 8 பேர். ‘இ’ குழுவில் ‘அ’, ‘ஆ’ இரண்டும் அடக்கம். ‘இ’க்கு வரும் கடிதம் எத்தனை பேருக்குப் போகும்? அவர்களில் 10 பேர் ‘இ’ குழுவுக்கே பதில் எழுதினால், அந்தப் பதில்கள் மொத்தம் எத்தனை படிகளாகும்?

(விடை: 62 பேர், எழுதியவருக்கும் ஒரு படி போகும் எனக் கொண்டால் 620 படிகள்.)