மூன்றாவதும் பெண்

கேள்வி: மனித உயிர் புனிதமானது என்று பூசையில் பிரசங்கம் கேட்கிறோம். செபமாலை சொல்வதைத் தவிர நாங்கள் என்ன செய்ய முடியும், ஃபாதர்?
– வாசகி, மதுரை

பதில்: செபமாலையைக் கீழே வைக்காதீர்கள், அம்மா. கூடவே, நமக்கு மேற்கே இருக்கும் உசிலம்பட்டியையும் நினையுங்கள். 1980களில் பெண் சிசுக்கொலையால் நாடெங்கும் அடிபட்ட பெயர் அது. கள்ளிப்பாலை எடுத்த கைக்குப் பின்னால் வரதட்சிணை பயம் இருந்தது. காதுகுத்து, சடங்கு என்று ஓயாத சீர்செனத்தியும் இருந்தது. 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. தொட்டில் பிள்ளையை வாங்கிக்கொள்ளும், பயத்தை வாங்கிக்கொள்ளாது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உயிர் குறித்த சுற்றுமடலை 1995 மார்ச் 25இல் வெளியிட்டார். மரியாளுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாள் அது. அவளும் கலங்கியவள்தான். பயப்படாதே என்று சொல்ல அவளுக்கு ஒருவர் வந்தார்.

உங்கள் தெருவில் மூன்றாவதும் பெண் பிறந்த வீடு இருக்கும். மிட்டாய்ப் பொட்டலத்தோடு போங்கள். மாமியார் பார்க்க அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுங்கள்.