பிடியரிசி கற்பிக்கும் சிக்கனம்

இல்லறம் இனிது நடைபெற வருவாய் பெருகினால் மட்டும் போதாது. வந்த பொருள் வழியறிந்து செலவிடப்படவும் வேண்டும். வீடு கட்டுதல், திருமணம் முதலிய பெருஞ்செலவுகளைப் பலமுறை ஆராய்ந்து, உற்றாரைக் கலந்து முடிவு செய்கிறோம். நாள்தோறும் கையிலிருந்து நழுவும் சிறு தொகைகளையோ எண்ணிப் பார்ப்பதில்லை. குடத்து நீரை வெறுமையாக்கச் சிறு துளை ஒன்றே போதும். ஆகவே, வீட்டிலும் வெளியிலும் கைக்கொள்ளத்தக்க சிறு சிக்கன முறைகள் சிலவற்றையும், அவற்றுக்கு அடிப்படையான ஒழுங்கையும் ஈண்டுக் காண்போம்.

சிக்கனம் என்பது யாது?

பொருளை வீணாக்குவது ஊதாரித்தனம். தேவைக்கும் செலவிடாமல் பூட்டி வைப்பது கருமித்தனம். தேவைக்குச் செலவிட்டு, வீணாவதை மட்டும் தடுப்பது சிக்கனம். இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் பொருள் வரைதலும் ஒன்றாதலின், இது நமக்குப் புதிய பாடமன்று. 'இவ்வளவு போதும்' என்று வரையறுத்துக் கொள்பவர்க்கே, எஞ்சியதைக் கொண்டு பிறர்க்கு உதவும் வாய்ப்பும் கிட்டுகிறது.

பிடியரிசிப் பானை

எம் இளமைக் காலத்தில், வந்தவாசிப் பகுதியைச் சேர்ந்த சிற்றூரில் எம் பாட்டியார் உலைக்கு அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்பங்கரை மூலையிலிருந்த சிறு பானையில் இடுவார். அக்காலத்தில் பல இல்லங்களில் இவ்வழக்கம் இருந்தது. ஒரு பிடி 40 கிராம் என்று கொள்வோம். நாளைக்கு இருவேளை எனில் மாதத்தில் 60 பிடி. அதாவது 2 கிலோ 400 கிராம். ஓராண்டில் ஏறத்தாழ 29 கிலோ! அப்பானை இரண்டு காரியங்களுக்காகவே திறக்கப்படும். ஒன்று, பசித்து வந்தவர்க்கு உணவளித்தல். மற்றொன்று, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் எங்களுக்குப் புத்தகமும் நோட்டும் வாங்குதல்.

இவ்வழக்கத்துள் மூன்று நெறிகள் அடங்கியுள்ளன. முதலாவது, எடுக்கும் அளவு சிறிது. அதனால் நாள்தோறும் தவறாமல் எடுக்க முடிந்தது. இரண்டாவது, அரிசி உலையில் விழுமுன்னரே அது எடுக்கப்பட்டது. செலவு போக எஞ்சியதைச் சேமிக்கலாம் என்று காத்திருக்கவில்லை. மூன்றாவது, எடுத்ததற்குத் தனிப் பானையும் தனி நோக்கமும் இருந்தன. இன்று பலர் ஓரிடத்தில் பத்து ரூபாய் மிச்சம் பிடித்து, 'மிச்சமாயிற்றே' என்னும் மகிழ்ச்சியிலேயே வேறிடத்தில் இருபது ரூபாய் செலவிடுகின்றனர். பானை இல்லாத சிக்கனம் சிக்கனமாகாது.

கணக்கே முதற்படி

ஒரு மாதம் முழுவதும் ஒவ்வொரு செலவையும் அன்றன்று இரவே ஒரு நோட்டில் எழுதுக. கைப்பேசியின் வழியாகப் பணம் செலுத்தும் இந்நாளில் இது மேலும் இன்றியமையாதது; கையிலிருந்து நோட்டு நீங்கும்போது தோன்றும் தயக்கம் திரையைத் தொடும்போது தோன்றுவதில்லை. மாத இறுதியில் செலவுகளை 'வேண்டியவை', 'விரும்பியவை', 'வீணானவை' என மூன்றாகப் பிரிக்க. கடையில் அருந்தும் தேநீர் 15 ரூபாய் எனக் கொண்டால், நாளைக்கு இருமுறை அருந்துபவர் ஆண்டுக்கு 10,950 ரூபாய் செலவிடுகிறார். அதனை விட்டேயாக வேண்டும் என்பது எம் கருத்தன்று. அறிந்து செலவிட வேண்டும் என்பதே. ஒருவேளையை வீட்டில் அருந்தினாலும் கடைச்செலவில் பாதி குறையும்.

வீட்டினுள்

மின்சாரம்: 1,000 வாட் திறனுள்ள கருவி ஒருமணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் செலவாகும். பழைய 60 வாட் குண்டு விளக்கு தரும் ஒளியை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தருகிறது. நாளைக்கு நான்கு மணி நேரம் எரித்தால், இரண்டு மாதத்தில் முன்னது 14 யூனிட்டுக்கு மேலும், பின்னது 2 யூனிட்டுக்குச் சற்று மேலும் கொள்ளும். பழைய வகை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் கொள்ளும், பி.எல்.டி.சி. வகை ஏறத்தாழ 30 வாட் போதும். நாளைக்கு 12 மணி நேரம் சுழலும் விசிறியில் இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிஞ்சும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிமுறையில் அமைந்தது. பயன்பாடு ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறும். ஆதலால் நாம் தவிர்க்கும் யூனிட் விலைமிகுந்த யூனிட்டாகவே இருக்கும். இருப்பினும் எல்லா விசிறிகளையும் ஒரே நாளில் மாற்ற வேண்டுவதில்லை. மிகுதியாகச் சுழலும் ஒன்றை முதலில் மாற்றுக. ஏ.சி. உள்ளோர் அதனை 24 டிகிரியில் வைத்து விசிறியையும் மெல்லச் சுழலவிடலாம். துணிகளை நாள்தோறும் ஒவ்வொன்றாகத் தேய்க்காமல் வாரத்திற்கு ஒருமுறை மொத்தமாகத் தேய்க்கலாம்.

எரிவாயு: பருப்பையும் அரிசியையும் முன்னரே ஊறவைத்தல், காய்களை நறுக்கி முடித்த பின்னரே அடுப்பை ஏற்றுதல், பாத்திரத்தை மூடிச் சமைத்தல், கொதி வந்தபின் தீயைக் குறைத்தல், குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்துச் சோறும் பருப்பும் ஒருங்கே வேகவைத்தல் ஆகியன எல்லாரும் செய்யத்தக்கவை. சுடர் நீலமாக இருத்தல் வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி படிந்தால் பர்னரில் அடைப்பு உண்டென்று அறிக. 40 நாள் வரும் சிலிண்டரை 50 நாள் வரச் செய்தால், ஆண்டுக்கு ஒன்பதுக்குப் பதிலாக ஏழு சிலிண்டர்களே போதுமானவை.

நீர்: சொட்டும் குழாயின் அடியில் ஒரு டம்ளரை வைத்துப் பாருங்கள். 200 மில்லி டம்ளர் ஒருமணி நேரத்தில் நிறைந்தால், நாளைக்கு 4.8 லிட்டர், ஆண்டுக்கு 1,750 லிட்டருக்கு மேல். அதனை மேனிலைத் தொட்டிக்கு ஏற்றிய மின்சாரமும் உடன் வீணாகிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்துபோன ஒரு சிறு வாஷரே. அரிசி கழுவிய நீரைச் செடிக்கோ மாட்டுக்கோ பயன்படுத்துதல் நம் முன்னோர் அறிந்த சிக்கனமேயாம்.

வெளியில்

கடைக்குச் செல்லுமுன் பட்டியல் எழுதுக, பசியோடு செல்லற்க. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவென்று எண்ணற்க. 400 கிராம் 90 ரூபாய், 1 கிலோ 240 ரூபாய் எனில், 100 கிராமின் விலை முறையே 22.50, 24 ரூபாய். சிறிய பொட்டலமே மலிவு. காய்கறிகளை உழவர் சந்தையில் வாங்கலாம். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் வழியே, இடைத்தரகரின்றி விளைவித்தவரிடமே வாங்க இயலுகிறது.

தள்ளுபடி என்பதற்காகப் பருப்பு வகைகளை மிகுதியாக வாங்கிக் குவித்தலும் கூடாது. நாள்பட்ட பருப்பில் வண்டும் புழுவும் தோன்றும். பொருளும் வீணாம்; உயிர்க்கொலைக்கும் இடமாம். வெயிலில் நன்கு உலர்த்தி, ஈரமற்ற கலத்தில் மூடி, காக்க இயலும் அளவே வாங்குதல் நன்று. இவ்விடத்தில் சிக்கனமும் கொல்லாமையும் ஒரே வழியில் செல்கின்றன.

நாள்தோறும் மருந்து உண்போர், மருத்துவரைக் கலந்து, அதே மூலப்பெயருடைய மருந்தை மக்கள் மருந்தகங்களில் குறைந்த விலையில் பெறலாம். நாள்தோறும் ஒரே தடத்தில் ரயிலில் செல்வோர்க்கு மாதச் சீசன் சீட்டு உண்டு. இருசக்கர வாகனத்தின் சக்கரங்களில் காற்றழுத்தம் குறையாமல் காத்து, சைகை விளக்கருகே நெடுநேரம் நிற்கும்போது எஞ்சினை நிறுத்தினால் பெட்ரோல் மிஞ்சும்.

நகை வாங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்க. செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்கிய நகையை விற்கும்போது, அவ்விரண்டும் திரும்பக் கிடைப்பதில்லை. அணிவதற்கு நகை வேறு, சேமிப்பு வேறு. எதுவாயினும் ஆறு எழுத்தெண் கொண்ட ஹால்மார்க் முத்திரை உள்ளதா எனக் காண்க. 2023 ஏப்ரல் 1 முதல் இம்முறை கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

மிஞ்சியது எப்பானைக்கு?

கடன் உள்ள இல்லத்தில் முதற்பானை கடனே. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்பது கேட்பதற்குச் சிறிது. ஆண்டுக்கு அது 24 விழுக்காடு. எந்தச் சேமிப்புக் கணக்கும் அத்துணை வட்டி தாராது. 20,000 ரூபாய்க் கடனுக்கு வட்டி மட்டும் கட்டிவந்தால், 20 மாதத்தில் 8,000 ரூபாய் செலுத்தியும் கடன் அப்படியே நிற்கும். மாறாக, சிக்கனத்தால் மிஞ்சிய 1,000 ரூபாயை மாதந்தோறும் அசலில் கழித்துவந்தால், அதே 20 மாதத்தில் மொத்த வட்டி 4,200 ரூபாயோடு நின்று, கடனும் தீரும். அடகிலிருக்கும் தாலிச்சரடு வீடு திரும்புவதும் ஏலத்திற்குப் போவதும் சில வேளைகளில் இச்சிறு வேறுபாட்டில்தான் அமைகின்றன.

கடன் தீர்ந்தபின் அதே 1,000 ரூபாயை அஞ்சலகத் தொடர்வைப்புக் கணக்கில் இடுக. மாதம் 100 ரூபாய் முதற்கொண்டு அதில் செலுத்தலாம், காலம் ஐந்தாண்டு. அசல் மட்டுமே 60,000 ரூபாயாகும். வட்டி அதற்கு மேல். சம்பளமோ விளைச்சல் பணமோ கைக்கு வந்த அன்றே இதனைச் செலுத்துதல் வேண்டும். இதுவே உலைக்கு முன் எடுக்கும் பிடி. குறுகிய காலத்தில் இரட்டிப்பாகும் என்று எவரேனும் சொன்னால், அப்பக்கம் திரும்பியும் பாரற்க.

எதில் சிக்கனம் கூடாது?

உழைத்தவரின் கூலியில் சிக்கனம் கூடாது. கூடையில் கீரை விற்கும் முதியவளிடம் இரண்டு ரூபாய்க்காக வாதிடுவது சிக்கனமன்று. வெடிப்புற்ற எரிவாயுக் குழாயை மாற்றாமலிருத்தல், மருத்துவரைக் காணாமல் நோயை வளர்த்தல், பிள்ளைகளின் படிப்பையும் பாலையும் குறைத்தல் ஆகியன பின்னர் பெருஞ்செலவாகவே வந்து முடியும்.

இன்னும் ஒன்று உண்டு. எம் பாட்டியாரின் பானையை நாங்கள் பல்லாண்டுகள் வியந்து பேசினோம். மழை பொய்த்த ஆண்டுகளிலும் அப்பானையில் பிடி குறைந்ததில்லை. அவர் மறைந்த பின்னரே எம் அத்தையார் ஓர் உண்மையைச் சொன்னார். அரிசி அளவு குறைந்த நாள்களில் அவர் எங்கள் பங்கைக் குறைக்கவில்லை; எல்லாரும் உண்டபின், தாம் நீராகாரம் மட்டும் அருந்திப் படுத்திருக்கிறார். அவர் தம் பங்கைக் கொடுத்தே எம் புத்தகங்களை வாங்கினார். அதனை யாரும் கேட்கவுமில்லை, கவனிக்கவுமில்லை. விரும்பி மேற்கொள்ளும் நோன்பு வேறு. சமைப்பவள் கடைசியில் இருப்பதை உண்ணும் வழக்கம் வேறு. இல்லத்தில் ஒருவர் பட்டினியால் மிஞ்சுவது வீட்டின் சேமிப்பாகாது. ஆதலின், சிக்கனக் கணக்கை இல்லத்தார் அனைவரும் ஒருங்கிருந்து எழுதுதல் வேண்டும். எல்லாரும் ஒவ்வொரு பிடி குறைத்தால், எவரும் முழு உணவையும் இழக்க வேண்டுவதில்லை.

இம்மாதப் பயிற்சி

வரும் மாதத்தின் முதல் நாளில் மூன்று செயல்களைத் தொடங்குக. கணக்கு நோட்டு ஒன்றை எல்லாரும் காணுமிடத்தில் வைக்க. மேற்கூறியவற்றுள் இயன்ற இரண்டை மட்டும் தேர்ந்து கைக்கொள்க. எல்லாவற்றையும் ஒருங்கே தொடங்கினால் ஒன்றும் நிலைக்காது. மிஞ்சும் தொகைக்கு ஒரு பெயரிட்டுத் தனியே சேர்க்க: அது மகளின் கல்லூரிக் கட்டணமாகலாம், மீட்க வேண்டிய நகையாகலாம். அதனுள் ஒரு சிறு பங்கை உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் இயன்ற ஒன்றிற்கு ஒதுக்குக. மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டிப் பார்ப்பின், நழுவிய தொகையும் நின்ற தொகையும் தாமே விளங்கும்.

அளவறிந்து செலவிடுவோம், ஒருவரையும் வருத்தாமல் சேமிப்போம், சேமித்ததைப் பயன்படச் செய்வோமாக!