கடற்காற்றைத் தாங்கும் பூங்கொடிகள்

செங்கல்பட்டு மாவட்டத்தில் கோவளம் முதல் மாமல்லபுரம், கல்பாக்கம் வரையுள்ள கடலோரம் பெரும்பாலும் மணற்பாங்கானது. மணலில் ஈரம் நிற்காது. உப்புக் காற்றில் கொடிகளின் இளந்தளிர் கருகும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயமும் உண்டு. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. எனவே பூவின் அழகை மட்டும் பாராமல், இடமறிந்து கொடியைத் தேர்ந்தெடுப்பது நலம்.

தேர்வு

கடற்காற்று நேராக அடிக்கும் வேலியோரத்திற்குக் காகிதப்பூ ஏற்றது. உப்பையும் வறட்சியையும் தாங்கும். முள் உள்ளதால் நல்ல வேலியுமாகும். வேர் பிடித்தபின் தண்ணீர் அதிகம் விட்டால் இலைதான் மிகும், பூ குறையும்.

காற்று நேரே படாத வீட்டு மறைவில் ரங்கூன் மல்லி வளர்க்கலாம். வெள்ளையாக மலரும் இதன் பூ, பின்னர் இளஞ்சிவப்பாகிச் சிவக்கும்.

சங்குப்பூ பயறு இனத்தைச் சேர்ந்தது. மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். கொடி மாட்டுக்குத் தீவனமாகும்.

பூ விற்று வருமானம் காண விரும்புவோர் முல்லை நடலாம். ஆனால் சவுக்குத் தோப்பின் மறைவும் நல்ல தண்ணீரும் உள்ள இடமே இதற்கு உகந்தது. உவர் நீர் ஆகாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பாரிமுல்லை நல்ல இரகம்.

நடவு

ஆடி, ஆவணியில் நட்டால் பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். 45 செ.மீ. நீளம், அகலம், ஆழமுள்ள குழியில் 10 கிலோ மக்கிய தொழு உரத்தைச் செம்மண்ணுடன் கலந்து இடவேண்டும். முல்லைக்கு 1.5 மீட்டர் இடைவெளி தேவை. காகிதப்பூவுக்குப் பென்சில் பருமனில் முற்றிய குச்சிகளை 20 செ.மீ. நீளத்தில் வெட்டிப் பதியன் போடலாம். சங்குப்பூ விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றவேண்டும்.

பந்தலும் கவாத்தும்

பந்தல் கால்களை மணலில் ஆழமாக ஊன்றிக் கெட்டிக்கவேண்டும். புரட்டாசியில் காகிதப்பூ, ரங்கூன் மல்லியின் நீண்ட கிளைகளைக் கழித்துவிட்டால் பளு குறைந்து, காற்று ஊடே செல்லும், பந்தல் சாயாது. முல்லையைத் தை மாதத்தில் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்யவேண்டும். புயல் ஓய்ந்ததும் நல்ல தண்ணீரை இலைகள்மேல் தெளித்து உப்பைக் கழுவிவிடுவது அவசியம்.

எச்சரிக்கை

வேலிகளில் தானாகப் படரும் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், நமது மாநில மலர். ஆயினும் கொடி முழுவதும், முக்கியமாகக் கிழங்கு, கடும் விஷம். குழந்தைகளும் ஆடுமாடுகளும் நடமாடும் இடத்தில் இதை வளர்க்கலாகாது. கிழங்கை மரவள்ளி, சேனைக் கிழங்குகளுடன் ஒருபோதும் சேர்த்து வைக்கக்கூடாது.