ரப்பர்ப் பாலை உறையச் செய்யும் அமிலங்களின் வலிமை

குமரி மாவட்டத்தில் நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நெல் எப்படியோ, அப்படியே குலசேகரம், அருமனை முதலிய மலையடிவாரப் பகுதிகளுக்கு ரப்பர் முக்கியப் பயிராகும். அங்குள்ள நிலச்சொந்தக்காரர்கள் பாலை உறையச் செய்து ஷீட்டாக்குவதற்கு அமிலத்தைக் கையாளுகின்றனர். ஆயினும், அமிலங்கள் யாவும் ஒன்றே, விலை குறைந்ததை வாங்கினாற் போதும் என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் நஷ்டத்திற்கு இடமாகும்.

செறிவு வேறு, வலிமை வேறு என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஜலத்தில் எவ்வளவு அமிலம் கலந்துள்ளது என்பது செறிவு. கலந்த அமிலத்தில் எத்தனை பங்கு பிரிந்து ஹைட்ரஜன் அயனியைத் தருகின்றது என்பது வலிமை. லிட்டருக்கு 0.1 மோல் என்னும் சமச் செறிவில், அசிடிக் அமிலத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 1.3 மூலக்கூறுகளும், பார்மிக் அமிலத்தில் 4 மூலக்கூறுகளுமே பிரிகின்றன. கந்தக அமிலத்திலோ மூலக்கூறு ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு ஹைட்ரஜனையேனும் விட்டுவிடும்.

ரப்பர்த் துகள்களைச் சூழ்ந்துள்ள புரதம் முதலியவை எதிர்மின்னேற்றம் உடையவை. ஆதலால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிப் பாலில் மிதக்கின்றன. அமிலத்தின் ஹைட்ரஜன் அம்மின்னேற்றத்தைத் தணிக்கவே துகள்கள் ஒன்றுகூடிப் பால் உறைகின்றது. பாலின் பி.ஹெச். எண் 5க்குச் சற்றுக் கீழே இறங்குவது இதற்குப் போதுமானது. அந்நிலையில் பார்மிக் அமிலம் பத்தில் ஒன்பது பங்கு பிரிந்திருக்கும். அசிடிக் அமிலம் பாதியளவே பிரிந்திருக்கும். மேலும் அவற்றின் மூலக்கூறு எடைகள் முறையே 46, 60 ஆகும். ஆகவே அசிடிக் அமிலம் ஏறக்குறைய இரு மடங்கு தேவைப்படும். பார்மிக் அமிலத்தை 0.5 சதவீதக் கரைசலாகவும், அசிடிக் அமிலத்தை 1 சதவீதக் கரைசலாகவும் வழங்குவதன் காரணம் இதுவே. எனவே புட்டியின் விலையை ஒப்பிடாமல், ஒரு கிலோ ரப்பருக்கு ஆகும் அமிலத்தின் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

அப்படியாயின் மிக வலியதான கந்தக அமிலமே சிக்கனமன்றோ எனக் கேட்கலாம். அதன் வலிமையே அதன் குறையாகும். அளவு சிறிது மிகினும் பி.ஹெச். சட்டென்று சரியும். மற்ற இரண்டும் ஆவியாகக்கூடியவை. கழுவுதலிலும் உலர்த்துதலிலும் பெரும்பாலும் நீங்கிவிடும். கந்தக அமிலம் ஆவியாகாது ஷீட்டில் தங்கி, ரப்பரின் தரத்தைக் கெடுக்கும். உருளைகளையும் பாத்திரங்களையும் அரிக்கும். அமிலத்தில் மிச்சம் பிடித்த காசு தரம் பிரிக்குமிடத்தில் போய்விடும்.

கரைசல் செய்யும் முறை வருமாறு: 85 சதவீதப் பார்மிக் அமிலமாயின் 5 மில்லிலிட்டரும், தூய அசிடிக் அமிலமாயின் 10 மில்லிலிட்டரும் எடுத்து, ஜலம் சேர்த்து 1 லிட்டராக்குக. பாத்திரத்தில் முதலில் ஜலத்தை விட்டு, அதில் அமிலத்தைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்குக. அமிலத்தின்மேல் ஜலத்தை ஊற்றலாகாது. பார்மிக் அமிலமும் தோலைப் புண்ணாக்கும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். மேல் பட்டால் உடனே மிகுந்த ஜலத்தால் கழுவுக.

பெயரும் சதவீதமும் குறிக்கப்படாத புட்டியை வாங்கலாகாது. கிராம அதிகாரிகள் இதனைச் சிறு தோட்டக்காரர்களுக்கும் பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கும் படித்துக் காட்டுவார்களாயின் பெரிதும் பயன் விளையும்.