கடைமடையில் தொழிற்சணல் போடலாமா?

கேள்வி: எனக்குக் காரைக்கால் கோட்டுச்சேரிமேட்டில் வீடு. மேற்கே வயல்வெளியில் 6 மா நஞ்சை இருக்கிறது. கடைமடை என்பதால் ஆற்றுத் தண்ணீரை நம்ப முடியவில்லை. கோடையில் போர் தண்ணீரும் கரிக்கிறது. பிரான்சில் இருக்கும் என் மைத்துனர், அங்கே ‘இண்டஸ்ட்ரியல் ஹெம்ப்’ என்கிற தொழிற்சணல் இறைக்காமலே ஆள் உயரத்துக்கு மேல் வளர்கிறது என்கிறார். நெல்லுக்குப் பதில் அதைப் போடலாமா?
— வாசகர் ஒருவர், கோட்டுச்சேரிமேடு

பதில்: போட வேண்டாம்.

முதலில் சட்டம். போதை குறைவு என்றாலும் அது கஞ்சா இனச் செடிதான். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, நாருக்கும் விதைக்கும் அதைப் பயிரிட அரசு அனுமதி தரலாம் என்கிறது. உத்தராகண்ட் அப்படி 2018-இல் வழிவிட்டது. காரைக்காலை ஆளும் புதுச்சேரி அரசு வழிவிடவில்லை. அனுமதியில்லாமல் பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

சரி, நாளைக்கே அனுமதி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மைத்துனர் சொன்னது பொய்யில்லை. ஐரோப்பாவில் இந்தப் பயிரை அதிகம் விளைவிப்பது பிரான்சுதான், பெரும்பாலும் மானாவாரி. ஆனால் அங்கே கோடையிலும் மழை உண்டு, பகலும் 15, 16 மணி நேரம் நீளும். நீண்ட பகலில் இந்தச் செடி பூக்காமல் உயர்ந்துகொண்டே போகும். காரைக்காலில் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. ஐரோப்பிய விதை இங்கே குட்டையாக நிற்கும்போதே பூத்துவிடும். பூத்த பிறகு ஏது உயரம், ஏது நார்?

இனி தண்ணீர். தண்ணீரே கேட்காத பயிர் என்று யூடியூபில் சொல்பவர்கள் யாரும் மடை திறந்து பார்த்தவர்களாகத் தெரியவில்லை. அதற்கு 500 முதல் 700 மில்லிமீட்டர் வரை தேவை. நெல்லோடு ஒப்பிட்டால் பாதிதான். பருத்திக்கும் ஏறக்குறைய அவ்வளவே. உங்கள் நிலத்தில் சிக்கல் அளவில் இல்லை, காலத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வயல் குளமாகும். இந்தச் செடியின் வேர் தேங்கிய நீரில் சில நாளிலேயே அழுகத் தொடங்கும். அறுவடைக்குப் பிறகு மாசியில் விதைத்தால் மழை இல்லை, வாய்க்காலும் காய்ந்திருக்கும். மிச்சம் அந்தக் கரிக்கிற போர் தண்ணீர். இளஞ்செடி அந்த உப்பைத் தாங்காது. காவிரியில் புதுச்சேரிக்கு 7 டிஎம்சி என்று நடுவர் மன்றம் 2007-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. அந்தப் பங்கும் மாசியில் உங்கள் மடைக்கு வரப்போவதில்லை.

இன்னொரு செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தண்டிலிருந்து நாரைப் பிரிக்க ஊறப்போட வேண்டும். பிரான்சில் அறுத்த தண்டை வயலிலேயே பரப்பி, பனியிலும் ஈரத்திலும் ஊறவிடுகிறார்கள். இங்கே கோடை வெயிலில் அது நடக்காது, குளத்தில்தான் போட வேண்டும். ஊறிய தண்ணீர் நாறும், அதில் பிராணவாயு குறைந்து மீன் செத்து மிதக்கும். அதை வாய்க்காலில் திறந்துவிட்டால் கழிமுகத்துக்குத்தான் போய்ச்சேரும். மீன்பிடிக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்யப்போகிறீர்களா?

நைலான் வருவதற்கு முன் வலைக்கும் கயிற்றுக்கும் உதவிய சணப்பு வேறு செடி. அது அவரைக் குடும்பம், சட்டச் சிக்கல் கிடையாது, பசுந்தாள் உரமாகவும் நல்லது. ஆனால் அதுவும் நீர் தேங்கினால் வாடும். உங்கள் நிலத்துக்கு என் தேர்வு தக்கைப்பூண்டு. உப்பையும் தாங்கும், தேங்கிய நீரையும் தாங்கும். கோடை மழை ஈரத்தில் 6 மாவுக்கு 40 கிலோ விதையுங்கள். 45 நாளில், பூப்பதற்கு முன் மடக்கி உழுதுவிட்டுச் சம்பா நடுங்கள். நெல் தரிசில் பணப்பயிர்தான் வேண்டுமென்றால் பருத்தி இருக்கிறது. உப்பைத் தாங்குவதில் அது முன்வரிசைப் பயிர். எதைப் போடுவதானாலும், சித்திரை பிறக்குமுன் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய், உப்பளவை எங்கே சோதிக்கலாம் என்று கேளுங்கள்.