பூ டைல்ஸ் எவ்வளவு வேண்டும்?

கேள்வி: தேக்கா வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்கிறோம். சுவர் முழுக்கப் பெரனாக்கான் பூ டைல்ஸ் ஒட்டலாமா?

பதில்: வேண்டாம், ஒரு வரிசை போதும். தேக்காவிலிருந்து அதிகத் தொலைவில்லாத பெட்டேன் சாலையில் 1930-இல் எழுந்த வரிசை வீடுகளைப் பாருங்கள். அங்கே முகப்பு முழுவதையும் பூ டைல்ஸ் மூடிவிடவில்லை. சுதைவேலையும் பூச்சும் சேர்ந்தே இருக்கின்றன. சுவர் முழுக்க இல்லாததாலேயே பூக்கள் கண்ணில் படுகின்றன. அது முகப்பு, இது சமையலறை என்பீர்கள். இங்கே காரணம் இன்னும் வலுவானது: புடைப்புப் பூக்களின் பள்ளத்தில் தாளிப்பு எண்ணெயும் மஞ்சளும் தங்கிவிடும், தேய்த்துத் தேய்த்துக் கைதான் வலிக்கும். ஆகவே அடுப்புக்குப் பின்னால் பெரிய, வழுவழுப்பான வெற்று டைல்ஸ் போட்டு, இடைவெளிகளைக் கறை எளிதில் ஏறாத எபாக்சியால் நிரப்பச் சொல்லுங்கள். பூக்கள் அதற்கு மேலே வரட்டும். வெளிமூலைக்கு டைல்ஸின் கனத்துக்கேற்ற எவர்சில்வர் விளிம்புப் பட்டி நல்லது. பிளாஸ்டிக் மலிவுதான், அடுப்புச் சூட்டில் நிறம் மாறும். பூ டைல்ஸில் சில கூடுதலாக வாங்கி வையுங்கள். பிறகு அதே நிறம் கிடைப்பது கடினம்.